கல்லில் பதினோராவது பெயர்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆற்றங்கரையில் எல்லோருக்கும் அவள் வெள்ளிதான். பிறக்கும்போதே நெற்றிக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை முடிக் கீற்று. நாற்பத்தைந்து வயதில் மற்ற பெண்கள் நரைக்குச் சாயம் தேடி அலையும்போது, "நான் தொட்டில்லயே நரைச்சவ, எனக்கென்ன" என்று சிரிப்பாள். அப்பாவுக்கும் அதே இடத்தில் அதே கீற்று இருந்தது. அது ஒன்றுதான் அவரிடமிருந்து தனக்கு வந்த சொத்து என்று அவள் நம்பியிருந்தாள்.

அவளுடைய வேலை பேசுவது. நகரத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஆற்றில் ஐம்பது நிமிடம் சுற்றிக் காட்டும் படகில், கையில் மைக்கோடு இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாள். படகை ஓட்டுவது கணவர். "வீட்டுல நான் பேசினா நடக்காது, படகுல பேசினா கேக்காது" என்பது பயணிகளிடம் அவர் சொல்லும் ஒரே ஜோக். இருபத்திரண்டு வருடமாக அதையேதான் சொல்கிறார். இன்னும் யாராவது சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

படகு பழைய சுங்கக் கிடங்கிலிருந்து கிளம்பும். கிடங்கு இப்போது ஓட்டல் ஆகிவிட்டது. மூட்டைகளைத் தூக்கிய இரும்புக் கொக்கி மட்டும் மூன்றாவது மாடி ஜன்னலுக்கு மேலே துருப்பிடித்துத் தொங்குகிறது. அடுத்து தோல் பதனிட்ட தெரு. ஒரு காலத்தில் அங்கிருந்து வடிந்த சாயத்தால் ஆறு காலையில் ஒரு நிறமும் மாலையில் ஒரு நிறமுமாக ஓடியதாம். பிறகு ஏழு வளைவுப் பாலம். நான்காவது வளைவின் கல் மட்டும் வெளுத்திருக்கும். ஒரு பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போனதைத் திரும்பக் கட்டியது. பாலத்தூணில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு கோடு வெட்டியிருக்கிறார்கள். "மேலே இருக்கிற கோட்டப் பாருங்க. அந்த வருஷம் இந்தப் படகு தெருவுல ஓடியிருக்கும்" என்பாள். எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

பாலம் தாண்டியதும் அகலமான படித்துறை. அதன் மேலே, நடைபாதைச் சுவரை ஒட்டி ஒரு கறுப்புக் கல் நிற்கும். அங்கே வரும்போது கணவர் சொல்லாமலே எஞ்சினைக் குறைப்பார். வெள்ளியின் குரலும் இறங்கும்.

முப்பத்தொன்பது வருடத்துக்கு முன் ஆற்று விழா அன்று அந்தப் படித்துறையில் ஒரு மிதவை மேடை கட்டியிருந்தார்கள். இரும்புப் பீப்பாய்களின் மேல் பலகை பரப்பி, விளக்குப் படகுகளின் ஊர்வலத்தைக் கிட்டத்தில் பார்க்க வைத்த மேடை. எண்பது பேர் நிற்கலாம். இருநூறுக்கும் மேல் ஏறிவிட்டார்கள். ஊர்வலத்தின் முதல் படகு பாலத்தைத் தாண்டியதும் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய, மேடை கவிழ்ந்தது. பதினோரு பேர் செத்தார்கள். அவர்களில் இரண்டு பேரின் உடல் கிடைக்கவேயில்லை. ஒருவர் அந்த மேடையின் காவலாளி. ஆறு பேரைக் கரையேற்றிவிட்டு ஏழாவது ஆளுக்காக மறுபடி குதித்தவர் திரும்பவில்லை.

"அவர்தான் என் அப்பா" என்று அவள் முடிப்பாள். சில பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்போது அவளுக்கு ஆறு வயது. அப்பாவின் முகம் அவளுக்கு நினைவில்லை, வீட்டில் சட்டம் போட்டு மாட்டிய படம்தான் முகம். பள்ளியில் ஒவ்வொரு வருடமும் நினைவு நாளில் அவளை எழுந்து நிற்கச் சொல்வார்கள். 'வீரரின் மகள்' என்று சொல்லித்தான் ஆற்றங்கரை அலுவலகத்தில் இந்த வேலையையும் கொடுத்தார்கள். ஆற்று விழா தோறும் கல்லுக்கு முன்னால் பதினோரு பெயரையும் ஒலிபெருக்கியில் வாசிப்பதும் அவள்தான்.

இந்த வருடம் ஆற்றங்கரைச் சுவர் கட்டி நூறு வருடம். அலுவலகத்தில் தடபுடல். பழைய பத்திரிகைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் படங்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு ஆள் உயரத்துக்கு அச்சடித்து, ஆற்றைப் பார்த்தாற்போல் சுவர் நெடுகத் தொங்கவிட்டார்கள். விழாவுக்கு எட்டு நாள் இருந்தது. அன்று காலை முதல் பயணத்தில்தான் வெள்ளி அவற்றைப் பார்த்தாள்.

நீராவிப் படகு, உறைபனியில் ஆற்றின் மேல் நடந்து போகும் தபால்காரர், பாலத்தில் முதல் டிராம். பயணிகளோடு சேர்ந்து அவளும் குழந்தை மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டே பேசினாள். படித்துறை வந்தது. அங்கே கறுப்புக் கல்லைத் திறந்து வைத்த நாளின் படம். கல்லின் மேலிருந்த துணியை யாரோ இழுக்கிறார்கள், பாதி விலகியிருக்கிறது. சுற்றிலும் கூட்டம். கைப்பிடிச் சுவரின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்ட ஒரு சிறுமி, பெரிய பொத்தான் வைத்த கவுன், நெற்றியில் வெள்ளைக் கீற்று, வாயை ஆவென்று திறந்திருக்கிறாள்.

"ஐயோ, அது நானுங்க!" என்று மைக்கிலேயே கத்திவிட்டாள். "பாருங்க, அந்தக் கவுனு! ஓட்டல் மேசைத் துணில அம்மா தைச்சது! ஏழு வயசு எனக்கு!"

படகே சிரித்தது. கைபேசிகள் உயர்ந்தன. கணவர் இன்னும் கொஞ்சம் சுவரோரமாகப் படகை ஒதுக்கினார்.

கூட்டத்தில் எல்லோரும் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூறு முகம் இருந்தால் தொண்ணூற்றொன்பதும் கல்லைப் பார்த்தன. ஒரே ஒரு ஆள் மட்டும், விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்லுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் பார்த்தது சுவரின் மேல் நின்ற சிறுமியை. நெற்றிக்கு மேலே, வகிடு எடுக்கும் இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை.

வெள்ளியின் கை மைக்கை இறுகப் பிடித்திருந்தது, மூச்சு மட்டும் ஒலிபெருக்கியில் புஸ் புஸ்ஸென்று கேட்டது. பயணிகள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி போலும் என்று காத்திருந்தார்கள்.

"என்னாச்சு?" என்று கணவர் திரும்பிப் பார்த்தார்.

மைக்கைத் தாங்கியில் செருக முயன்றாள், அது இரண்டு தடவை நழுவியது. மீதிப் பயணம் முழுக்க எஞ்சின் சத்தம்தான். இறங்கும்போது ஒரு பெண், "உங்க அப்பா நினைப்பு வந்துடுச்சு, பாவம்" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மதியம் இரண்டு பேரும் படித்துறைக்கு நடந்தே போனார்கள். கிட்டத்தில் படம் புள்ளி புள்ளியாக உடைந்து தெரிந்தது. பத்தடி தள்ளி நின்றால்தான் முகம் கூடியது. வெள்ளி பத்தடியில் நின்றாள், பிறகு இருபதடியில் நின்றாள். கல் திறந்தது விபத்து நடந்த மறுவருடம். கல் படத்திலேயே இருக்கிறது. செத்து ஒரு வருடம் ஆன மனுஷன் தன் பெயர் வெட்டிய கல்லுக்கு முன்னால் தொப்பியும் கையுமாக நிற்கிறார்.

"ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்வாங்க இல்ல" என்றார் கணவர். அவருக்கே அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை.

"முடிகூடவா?" என்றாள்.

அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல, "உங்கம்மாவப் பாரு" என்றார்.

படத்தில் சிறுமியின் கையைப் பிடித்து நின்ற அம்மாவும் கல்லைப் பார்க்கவில்லை. விளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை இறுகியிருந்தது. சிறுமியின் விரல்கள் அவள் கைக்குள் நசுங்கிக் கிடந்தன. ஆச்சரியத்தில் வாயைப் பிளந்திருக்கிறாள் என்று காலையில் நினைத்த அந்தச் சிறுமி உண்மையில் அழுதுகொண்டிருந்தாள்.

வெள்ளி கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. ஆற்றோர ஓட்டலின் சலவைக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். மகள் வீட்டில்தான் இருக்கிறாள், மூன்றாவது மாடி. கால்வலி இருந்தாலும் துணி தேய்ப்பதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். வெள்ளி உள்ளே நுழைந்தபோது சமையலறை மேசையில் போர்வையை விரித்து மருமகனின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, வேலை நேரத்துல?"

வெள்ளி கைபேசியில் எடுத்திருந்த படத்தை மேசையில் வைத்தாள். அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். குனிந்து பார்த்தாள். நிமிரவேயில்லை. இஸ்திரிப்பெட்டி சட்டையின் மேலேயே இருந்தது. கருகல் நாற்றம் எழும்பிய பிறகு வெள்ளிதான் அதைத் தூக்கி நிறுத்தினாள். சட்டையின் முதுகில் முக்கோணமாக ஒரு கறை.

"இதெல்லாமா சுவத்துல மாட்டுவாங்க" என்றாள் அம்மா கடைசியில்.

"அம்மா. அவர் செத்தாரா, இல்லையா?"

"செத்துட்டாரு."

"எப்போ?"

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள். "ஒம்பது வருஷம் ஆச்சு."

வெள்ளி நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்பு வரை உயிரோடு இருந்தவரை இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு ஐந்து தடவை அவள் சாகடித்திருக்கிறாள்.

அம்மா நின்றபடியே சொன்னாள். அடக்கி வைத்ததைக் கொட்டுகிறவள் மாதிரி இல்லை. சலவைக் கணக்கு ஒப்பிக்கிறவள் மாதிரி வரிசையாகச் சொன்னாள்.

"மேடைக்கு ஏறுற எடத்துல ஒரு சங்கிலி உண்டு. எண்பது பேர் ஏறினதும் கொக்கிய மாட்டிட்டு அங்கயே நிக்கணும். அதான் அவரு வேலை. மாட்டிட்டுதான் நின்னாரு. நீ ஒண்ணும் தெரியலன்னு ஒரே அழுகை. என்னால ஒன்னத் தூக்க முடியல. நான் அவரப் பாத்துக் கைய ஆட்டினேன். வந்து புள்ளையத் தூக்கிச் சுவத்து மேல விட்டுட்டுப் போயேன்னு. ரெண்டே நிமிஷம்டி. சங்கிலியக் கழட்டிட்டு வந்தவரு மாட்ட மறந்துட்டாரு."

யாரோ இரண்டு கைகள் அக்குளில் பிடித்துத் தன்னைத் தூக்கியது வெள்ளிக்கு எப்போதும் நினைவிருந்தது. அது அம்மாவின் கைகள் என்று நினைத்திருந்தாள்.

"திரும்பிப் பாத்தா திமுதிமுன்னு ஏறிட்டாங்க. அவரு ஓடினாரு. போய்ச் சேர்றதுக்குள்ள கவுந்துடுச்சு. குதிச்சாரு. ஆளுங்களத் தூக்கி விட்டது நெஜம். அதுல பொய் இல்ல. அப்புறம் தண்ணி இழுத்துட்டுப் போச்சு. கீழ எங்கியோ சரக்குப் படகோட கயிறு கையில கெடச்சுதாம். மூணாம் நாள் விடியக்காலைல வந்து கதவத் தட்டினாரு. அன்னிக்குப் பேப்பர்ல அவரு படம். வீரர்னு போட்டிருந்தாங்க. அதப் படிச்சாரு. நான் போய்ச் சொல்லிடறேன், சங்கிலி என்னாலதான்னு சொல்லிடறேன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"பத்து வீட்டுக்காரங்களும் வந்து நம்ம வாசல்ல நிப்பாங்க, இவ எப்படி ஸ்கூலுக்குப் போவான்னு கேட்டேன். வேற ஒண்ணும் சொல்லல. போன்னு சொல்லல. இருன்னும் சொல்லல." அம்மா சட்டையைச் சுருட்டினாள். "ஒரு சொம்பு தண்ணி குடிச்சாரு. நீ தூங்கிட்டிருந்த. கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிட்டாரு."

ஆற்றின் மேற்கே, படகில் ஆறு மணி நேரத் தூரத்தில், ஒரு மதகில் கதவு ஏற்றி இறக்கும் வேலையில் அவர் சேர்ந்துகொண்டார். வேறு பெயர். கல் திறப்புக்கு வந்துவிட்டுப் போன பிறகு தலையையும் மழித்துக்கொண்டார். சில வருடங்கள் விழா நாளில் வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்று மகளைப் பார்த்துவிட்டுப் போவார். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள். எப்போதாவது சலவைக் கூடத்துப் போனுக்கு அழைப்பார்.

"ஒரு தடவ ஒன் படகுலயே ஏறிட்டாரு" என்றாள் அம்மா. "நான் வேணாம்னேன். கேக்கல. பின்னாடி வரிசைல ஒக்காந்து முழுக்கக் கேட்டாராம்."

வெள்ளி தலையைத் தூக்கினாள். "எப்போ?"

"பதினாலு வருஷம் இருக்கும். சாயங்காலம் போன் பண்ணினாரு. நல்லா பேசுறா, கொரல் அப்படியே எங்கம்மா கொரல்னாரு. அப்புறம், ஆறு பேர் இல்ல, நாலு பேருதான், அத மட்டும் மாத்தச் சொல்லுன்னாரு. எப்படிடி நான் மாத்தச் சொல்றது? என்னன்னு சொல்லி மாத்தச் சொல்றது?"

வெள்ளி சிரித்துவிட்டாள். அடக்க முடியாத, கெட்ட சிரிப்பு. அது எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"செத்த சேதி?"

"கடுதாசி வந்துச்சு. பல்வலின்னு ரெண்டு நாள் படுத்துக் கெடந்தேனே, ஞாபகம் இருக்கா? கிராம்புத் தைலம்கூட வாங்கிட்டு வந்து குடுத்தியே."

ஞாபகம் இருந்தது. அன்றுகூட மாலைப் பயணத்தில் அப்பாவின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் அந்தத் தைலத்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

மூன்று நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று கணவர் அலுவலகத்தில் சொன்னார். வீட்டில் அம்மாவும் மகளும் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டார்கள். வெள்ளிக்குக் கோபம் வரும் என்று கணவர் எதிர்பார்த்தார். அவளுக்கு வந்தது கோபம் இல்லை. உடம்பு முழுக்க மரத்துப்போன மாதிரி இருந்தது. தேநீர் சூடாக இருக்கிறதா என்றுகூட நாக்குக்குத் தெரியவில்லை. கல்லில் இருந்த மற்ற பத்துப் பெயர்கள் மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு வருடமும் அந்தப் பத்து வீட்டாரும் அவளையும் அம்மாவையும் முன்வரிசையில் நிறுத்துவார்கள். 'உங்க வீட்டுக்காரர் எங்க பிள்ளைகளுக்காக உயிர விட்டவரு' என்பார்கள். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நான்காம் நாள் காலை அவள் சைக்கிள்காரரைப் பார்க்கப் போனாள். படித்துறைக்கு மேலே வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவர். அவருடைய அக்கா, பத்தொன்பது வயதில், அந்த மேடையில் செத்தவள். கல்லில் நான்காவது பெயர். வெள்ளிக்கு அவர் சொந்த அண்ணன் மாதிரி. அவளுடைய கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்றவரே அவர்தான்.

அவர் ஒரு சக்கரத்தைத் தலைகீழாக நிறுத்திக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். "வாம்மா, காய்ச்சல் தேவலையா?" என்றார். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சங்கிலி வரைக்கும் வந்தபோது அவர் கையிலிருந்த முறுக்குச் சாவி நின்றது.

"திரும்பச் சொல்லு" என்றார்.

"அப்பா கொக்கிய மாட்டாம வந்துட்டாரு அண்ணே. தெறந்தே கெடந்துருக்கு. அதனாலதான் எல்லாரும்…"

"யார் சொன்னா?"

"அம்மா."

அவர் எழுந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தன்னை அடிக்கப்போகிறார் என்றே வெள்ளி நினைத்தாள். அவர் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல், "ஒங்கம்மாட்ட நான் பேசணும். இப்பவே" என்றார்.

மூன்று மாடியையும் அவர் மூச்சு வாங்காமல் ஏறினார். அம்மா கதவைத் திறந்து அவரைப் பார்த்ததும் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"சங்கிலி எங்க இருந்துச்சு?" என்றார் அவர். "சரியா சொல்லுங்க. தொங்கிட்டிருந்துச்சா, தரையில கெடந்துச்சா?"

"தரையிலப்பா. அவரு கழட்டுனப்ப கணீர்னு படியில விழுந்த சத்தம் எனக்கே கேட்டுச்சு."

"கூட்டம் ஏறுறதுக்கு முன்னாடியே?"

"முன்னாடியேதான். மொதல்ல ஏறினது ஒரு பையன். கீழ கெடந்த சங்கிலிய எடுத்துத் தள்ளிப் போட்டுட்டு ஏறினான். அவன் பின்னாடி ஒரு பொண்ணு, வாடா வாடான்னு கூப்பிட்டுக்கிட்டே. அப்புறம்தான் எல்லாரும்."

அவர் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்க் கைகளால் முகத்தை மூடினார்.

"அந்தப் பையன் நான்தான்."

வெள்ளியும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பதினாலு வயசு எனக்கு. கையில சங்கிலி இருந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. ஜில்லுனு, கனமா. நான்தான் கழட்டினேன்னு நெனச்சேன். நான் கழட்டினதாலதான் எல்லாரும் ஏறினாங்கன்னு. அக்கா என்னக் கூட்டிட்டுப் போகத்தான் ஏறினா. எங்கப்பா சாகுற வரைக்கும் கேட்டாரு, எந்தப் பாவிடா அதத் தெறந்து விட்டான்னு. நான் பக்கத்துலதான் ஒக்காந்திருப்பேன். ஒரு நாள்கூட வாயத் தெறக்கல."

இவர் ஒருவேளை நிம்மதிப் பெருமூச்சு விடுவார் என்று வெள்ளி நினைத்தாள். அப்படி நடக்கவில்லை. அவர் எழுந்து அம்மாவின் முகத்துக்கு நேராக நின்றார். "வருஷா வருஷம் என் பக்கத்துலதானே நின்னீங்க? முப்பத்தெட்டு தடவ! ஒரே ஒரு தடவ சொல்லியிருந்தா நான் மனுஷனா வாழ்ந்திருப்பேனே! கல்யாணம் வேணாம், புள்ளகுட்டி வேணாம், அதுக்கெல்லாம் நான் லாயக்கில்லன்னு இருந்துட்டேனே!"

அந்த வீட்டில் இருந்த மூன்று பேரில் யார் யாருக்குத் தண்ணீர் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அவர் இறங்கிப் போகும்போது வாசலில் நின்று வெள்ளியைப் பார்த்தார். "விழா அன்னிக்கு மைக் ஒன் கையிலதானே இருக்கும்? நீயே சொல்லிடு. வேற வாயில வந்தா அது வேற கதையாயிடும்."

ஆற்றங்கரை அலுவலகத்தின் மேலாளருக்கு அவள் முன்கூட்டிச் சொல்லத்தான் போனாள். அவர் அலங்கார விளக்குகளின் பட்டியலுக்கு நடுவில் தலையைத் தூக்காமல், "விழா முடியட்டும்மா, எதுவா இருந்தாலும் விழா முடியட்டும்" என்றார். அவள் சொல்லாமலே திரும்பினாள்.

விழா அன்று நகரமே ஆற்றங்கரையில் இருந்தது. நூற்றாண்டு என்பதால் பாலத்தின் ஏழு வளைவுக்கும் ஏழு நிற விளக்கு. துடுப்புப் படகுப் பந்தயம் மதியமே முடிந்திருந்தது. கிடங்கு ஓட்டலின் மாடியில் பித்தளை வாத்தியக் குழு வாசித்தது. இரண்டு கரையிலும் பலூன், ராட்டினம், வறுத்த கடலை, தோளில் குழந்தைகள். இருட்டும் முன், ஊர்வலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், வழக்கம்போல் கறுப்புக் கல்லைச் சுற்றிக் குடும்பங்கள் கூடின. அம்மா முன்வரிசைக்குப் போக மறுத்துவிட்டாள். கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். படத்தில் அப்பா நின்ற அதே இடம் என்பதை அவள் கவனிக்கவில்லை.

வெள்ளி பெயர்களை வாசித்தாள். பத்து வரை வந்தது. அதற்கு மேல் நிறுத்தினாள்.

"பதினோராவது பேரு எங்கப்பாவோடது" என்றாள். "அத நான் வாசிக்கப்போறதில்ல. அவர் அன்னிக்குச் சாகல."

கூட்டத்தில் முதலில் யாரும் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவள் தொடர்ந்தாள். சுவரில் இருக்கும் படத்தைக் காட்டினாள். சங்கிலியைச் சொன்னாள், தன் அழுகையைச் சொன்னாள், அம்மா கை அசைத்ததைச் சொன்னாள். நாலு நிமிடம்கூட இருக்காது. வாத்தியக் குழு எதுவும் தெரியாமல் துள்ளலாக ஏதோ வாசித்துக்கொண்டிருந்தது. கல்லைச் சுற்றி நின்றவர்கள் மட்டும் உறைந்து நின்றார்கள். கையில் பூவோடு நின்ற ஓர் ஆள் பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பத் திரும்பப் பார்த்தார். காது மந்தமான ஒரு கிழவி, "அப்ப அந்தாளுக்கு நீச்சல் தெரியும்ங்கிறாளா?" என்று உரக்கக் கேட்டாள். யாரோ "எறங்குடி கீழ!" என்று கத்தினார்கள். மேலாளர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார். பிடுங்கியவர் அதில் என்ன பேசுவது என்று தெரியாமல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது சைக்கிள்காரர் முன்னால் வந்தார். கூட்டம் அவளை நெருக்கிய பக்கத்தில் போய் நின்றுகொண்டார், அவ்வளவுதான். அவரைத் தாண்டி யாரும் வரவில்லை. ஆற்றில் முதல் விளக்குப் படகு பாலத்தின் அடியிலிருந்து வெளியே வந்தது. கரை முழுக்க ஆரவாரம் எழுந்தது.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் பத்திரிகையில் வந்தன. வெள்ளியை இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஒரு கல்தச்சர் வந்து அப்பாவின் பெயரைத் தேய்த்து எடுத்தார். அந்த இடம் மட்டும் கொஞ்சம் பள்ளமாக, வெளிறி நிற்கிறது. பத்துக் குடும்பங்களில் நாலு வீட்டார் இன்றைக்கும் அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிறார்கள். ஒரு வீட்டுப் பெரியவர் மட்டும் வந்து, ஆத்துல இருந்து என்னைத் தூக்கி விட்டது அவர்தான், அந்த வெள்ளை முடி எனக்கு ஞாபகம் இருக்கு, அதையும் சேர்த்துச் சொல்லு என்று கேட்டுக்கொண்டார். சைக்கிள்காரர் ஐந்து மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் படகில் வந்து பணியாளர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, முழுச் சுற்றும் சுற்றிவிட்டு, "பாலத்துக் கதைய இழுக்குற" என்று குறை சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அம்மாதான் யாரும் எதிர்பாராதபடி மாறினாள். கால்வலி என்று மாதக்கணக்கில் படி இறங்காதவள், விழாவுக்கு அடுத்த வாரத்திலிருந்து தினமும் ரொட்டிக் கடைக்குத் தானே போனாள். கடையில் பேச்சு நின்றாலும், முதுகுக்குப் பின்னால் கிசுகிசுத்தாலும், வரிசையில் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

குளிர்காலம் முடிந்ததும் ஒரு விடுமுறை நாளில் கணவர் படகை மேற்கே திருப்பினார். மூன்று பேரும் ஆறு மணி நேரம் போனார்கள். மதகின் இப்போதைய காவலாளி கை துடைத்துக்கொண்டே வந்து ஓர் அறையைக் காட்டினார். இரும்புக் கட்டில், ஒரு ஆணி, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். "யார்கிட்டயும் பேச மாட்டாரு. ஆனா மதகுக் கதவு மேல ஆள் ஏறினா மட்டும் அப்படிக் கத்துவாரு பாருங்க, நாங்கள்லாம் நடுங்கிடுவோம்" என்றார். புதைத்த இடம் கரை மேட்டில் இருந்தது. வேறு பெயர் எழுதிய ஒரு தகரப் பலகை.

வெள்ளி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அம்மா மெல்ல முன்னால் போனாள், பலகையைப் பார்த்தாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு திட்டை அவர்கள் இருவரும் கேட்டதில்லை. கோழை என்றாள், மறதிக்காரன் என்றாள், ஒரு கொக்கியை மாட்டத் துப்பில்லாதவன் என்றாள். புள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது எங்கே போனாய், வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னபோது எங்கே போனாய், நான் போ என்றா சொன்னேன், இருக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரு என்று சொல்லியிருப்பேனே, கேட்டாயா என்றாள். குரல் தண்ணீர் மேல் பட்டு அக்கரை வரை போனது. மதகுக்காரர் பயந்துபோய்த் தொப்பியைக் கழற்றினார். கணவர் மெல்ல மாமியாரை நோக்கி ஓரடி வைத்தார். வெள்ளி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க. முடிக்கட்டும்."

அரைமணி நேரம் ஆயிற்று. முடித்ததும் அம்மா மேட்டிலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "தொண்ட வறண்டு போச்சு, யாராவது தேநீர் குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.